சம்பந்திகள் திறந்து போட்ட எஞ்சின்

தொங்யொங் நகரத்து ஹோட்டலில் என் பிள்ளைக்குச் சம்பந்தம் பேச உட்கார்ந்து இருபது நிமிடமாகியும் யாரும் வாயைத் திறக்கவில்லை. பச்சை மீன் துண்டுகள் தட்டில் அப்படியே இருந்தன. யார் முதலில் எடுப்பது என்று எல்லோரும் காத்திருந்தோம்.

கடைசியில் பெண்ணின் அப்பா ஹக்சூதான் என் வீட்டுக்காரரிடம் கேட்டார். "தீவுலேர்ந்து சொந்தப் படகுலயா வந்தீங்க?"

"இல்லைங்க. நம்ம எஞ்சின் படுத்துருச்சு. சிலிண்டர் ஹெட் போல்ட் ஒண்ணு முறிஞ்சு உள்ளயே நிக்குது. மத்ததைக் கழட்டினா மரையும் சேர்ந்து வருது."

ஹக்சூ முப்பது வருடம் மெஷின் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"இனிமே போல்ட் போடாதீங்க, சம்பந்தி. ஸ்டட் போடுங்க, தலையில்லாத மரைக் கம்பி. போல்ட்டைக் கழட்டி மாட்டுறப்பல்லாம் அலுமினிய மரை தேயும். ஸ்டட் ஒரு தடவை இறுக்கினா இறுக்கினதுதான். நட்டை மட்டும் கழட்டலாம்."

"உப்புத்தண்ணி எஞ்சின் அது. உப்புப் பூத்து ஹெட்டு ஸ்டட்டோட ஒட்டிக்கிச்சுன்னா எதால இழுக்குறது, பல்லாலயா?"

"கிரீஸ்னு ஒரு சாமான் கண்டுபிடிச்சிருக்காங்க."

கல்யாண மண்டபத்தைப் பற்றி நான் இரண்டு தடவை ஆரம்பித்தேன். இரண்டு தடவையும் ஹக்சூ என்னை மரியாதையாகப் பார்த்துவிட்டு, கை துடைக்கும் காகிதத்தில் ஸ்டட் படம் வரைந்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்தாற்போல் தலை குனிந்தார்கள். அவர்கள் ஒத்துப்போனதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சனிக்கிழமை முதல் ஃபெரியில் ஹக்சூ கருவிப் பையோடு வந்து இறங்கினார். முறிந்த போல்ட்டைத் துளைத்து எடுத்து, ஆறு ஓட்டையிலும் புது மரை போட இரண்டு சனிக்கிழமை பிடித்தது. மூன்றாவது வாரம் என் பிள்ளை கிதே போன் செய்தான்.

"அம்மா, நாங்க பிரிஞ்சுட்டோம்."

"ஏன்டா?"

"ஒத்துவரல."

அதற்கு மேல் இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எஞ்சின் திறந்து கெடக்கே" என்றார்.

"உங்க புள்ள மனசு ஒடைஞ்சு கெடக்கான்."

"அவனுக்கு முப்பத்திரண்டு. எஞ்சினுக்கு முப்பத்தாறு."

அந்தச் சனிக்கிழமை நான் துறையில் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தேன். ஃபெரியிலிருந்து ஹக்சூ இறங்கினார். மலையேறும் உடுப்பு, தொப்பி. வீட்டில் மலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"சம்பந்தி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "பாதியில விட்டா எனக்குத் தூக்கம் வரலைங்க."

என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். "வாங்க" என்று மட்டும் சொன்னார். மத்தியானம் வரை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "இந்தாங்க", "அங்க பாருங்க" என்றே வேலை பார்த்தார்கள். சிப்பிக் கஞ்சி குடிக்கும்போது வயது கேட்டுக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் ஒரு வயது மூத்தவர். அதிலிருந்து அண்ணன், தம்பி.

ஆறு ஸ்டட்டும் ஏறின. மேலே மூடும் ஹெட் ஏறவில்லை. எஞ்சினைச் சுற்றியிருக்கும் கூட்டின் கீழ்ப்பாதி விளிம்பு இடித்தது. ஓரத்து ஸ்டட் நீட்டிக்கொண்டு நின்றதால் ஹெட்டைச் சாய்த்து நுழைக்கவும் வழியில்லை. என் வீட்டுக்காரர் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார்.

"சொல்லிருங்க அண்ணே."

"நான் ஒண்ணும் சொல்லலயே தம்பி."

"உங்க மூஞ்சி சொல்லுது."

ஹக்சூ அந்த ஒரு ஸ்டட்டைக் கழற்றினார். ஹெட் உட்கார்ந்தது. அந்த ஓட்டையில் போல்ட் போட்டு, அதை என் வீட்டுக்காரர் கையாலேயே இறுக்கச் சொன்னார். இறுக்கியவர் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டார்.

ஸ்டார்ட் கயிற்றின் இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. கடலில் சிப்பி வளர்க்கும் கயிறுகளைப் பார்க்க நானும் படகில் ஏறினேன். பாதித் தூரம் போனதும் ஹக்சூ எஞ்சினைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எம்பொண்ணு யேசுல் நாலஞ்சு நாளா சரியா சாப்பிடல, அண்ணே."

"கிதேயும்தான்."

என் வீட்டுக்காரர் படகைத் திருப்பும் எஞ்சின் பிடியை அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். ஹக்சூ படகு ஓட்டியதில்லை. கோணல்மாணலாகத்தான் போனோம்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார். ரிப்பேர் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். புத்தாண்டு லீவுக்கு ஊருக்கு வந்த கிதே முற்றத்தில் அவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். பிறகு குனிந்து வணங்கினான்.

"சாப்டியா?" என்றார் ஹக்சூ.

"இன்னும் இல்லைங்க."

"வா, உட்காரு" என்று தன் பக்கத்தில் இடம் விட்டார். நான் இன்னொரு கிண்ணம் எடுக்க உள்ளே போனேன்.