தோணிவிளைப் பிள்ளைகளின் எடை

1974ஆம் ஆண்டு ஆடி மாதம் தொடங்கி, தோணிவிளையில் எழுத்துப் படித்த பிள்ளைகளுக்கு எடை கூடியது. உயிரெழுத்து பன்னிரண்டும் சேர்ந்து முக்கால் கிலோ. மெய்யெழுத்துகள் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஙகர வரிசைக்கு எடையே இல்லை, ஏனென்றால் அதை யாரும் பயன்படுத்துவதில்லை. ளகரமும் ழகரமும் ஒரே எடை. அந்தக் கரையில் இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு எடை மளமளவென்று ஏறியது. பிள்ளைகள் யாரும் குண்டாகவில்லை. கை கால்கள் அதே ஈர்க்குச்சிதான், அரைஞாண் அதே முடிச்சில்தான் நின்றது. அந்த மாதம் உப்பு விலை இறங்கியிருந்தது, கருப்பட்டி விலை ஏறியிருந்தது.

தோணிவிளைக்கு ஒரு பக்கம் பனங்காடு, ஒரு பக்கம் உப்பளம். பனையேறுகிறவர்களும் உப்பு வாருகிறவர்களும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதில்லை. பள்ளிக்கூடம் தூரம், உப்பளம் பக்கம். அங்கே எழுத்தைக் கொண்டுவந்தவள் முத்துக்கனி. தூத்துக்குடியில் கருப்பட்டி மண்டி வைத்திருந்த காசிலிங்கம் அண்ணாச்சியின் மகள், பதினேழு வயது, பி.யூ.சி. படித்தாள். கல்லூரியில் சமூக சேவைக்கு மார்க் உண்டு. மற்றப் பெண்கள் ஆஸ்பத்திரித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி அந்த மார்க்கை வாங்கிவிட்டார்கள். முத்துக்கனி கொஞ்சம் பிடிவாதக்காரி. அப்பாவுக்குச் சொந்த ஊர் தோணிவிளை என்பதால், சனி ஞாயிறுகளில் பஸ் ஏறி வந்து, உப்பளத்து ஓலைக் கொட்டகையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். கூலி வாங்கவில்லை. அங்கேதான் வந்தது வினை.

தோணிவிளைக்காரர்கள் கொசுறாகக் கிடைத்த கறிவேப்பிலையைக்கூட உதறிப் பார்த்துத்தான் மடியில் கட்டுவார்கள். இதை அவர்களுடைய குறையாகச் சொல்வதற்கில்லை, பூச்சி இருந்த நாட்களும் உண்டு. அப்போது புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டி மதில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டிய கல்லைக் கடல் விழுங்குகிறது, மதில் நிற்கப் பிள்ளைப்பலி கேட்கிறது என்று கரை முழுக்க ஒரு பேச்சு. இந்த நேரம் பார்த்து ஒரு டவுன் பெண் வந்து, பிள்ளைகளின் பெயரையும் வயதையும் கேட்டால் என்ன நினைப்பார்கள்? முதல் மாதம் பிள்ளைகள் எல்லோரும் பெயரை மாற்றிச் சொன்னார்கள், தாய்மார் சொல்லிக்கொடுத்தபடி. மதில் எந்தப் பிள்ளையையும் கேட்காமல் தானாக நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் சந்தேகம் போகவில்லை, வேறு இடத்துக்கு மாறிக்கொண்டது, அவ்வளவுதான்.

எடை விஷயத்தைக் கண்டுபிடித்தது உப்பு வண்டிக்காரர் வெள்ளத்துரையின் மாடு. உப்பு இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது பிள்ளைகள் ஓடிவந்து தொற்றிக்கொள்வது வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு விட்டு வந்த பிள்ளைகள் ஏறியதும் மாடு முன்னங்காலை மடக்கி உட்கார்ந்தது, வண்டி அச்சு முறிந்தது. வெள்ளத்துரை பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். எழுத்துப் படிக்காதவன் கோழிக்குஞ்சு மாதிரி வந்தான். படித்தவனைத் தூக்கியதில் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பிறகு நாலு பிள்ளைகளை டவுனுக்குக் கூட்டிப்போய்க் காசிலிங்கம் அண்ணாச்சியின் மண்டித் தராசில் நிறுத்தார்கள். அண்ணாச்சி முதலில் தன் தராசைச் சந்தேகப்பட்டு, எடைக்கல்லுக்கெல்லாம் புதிதாக முத்திரை வைத்து வாங்கினார். எடை மாறவில்லை.

கள்ளக்கடத்தலைப் பிடிக்க வந்திருந்த ஓர் அதிகாரியின் காதுக்கும் இது எட்டியது. சிலோனிலிருந்து வரும் தங்கத்தை இந்தப் பிள்ளைகள் வயிற்றில் வைத்துக் கடத்துகிறார்கள் என்று அவர் முடிவு கட்டினார். இரண்டு பிள்ளைகளை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு தெரிந்தது. அதிகாரி படத்தைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார், அப்போதும் எலும்புதான் தெரிந்தது. பிள்ளைகள் அந்த அறையின் சுவரில் எழுதியிருந்ததை உரக்க வாசித்துவிட்டு, போனதைவிடக் கொஞ்சம் கனமாகத் திரும்பி வந்தார்கள்.

கடைசியில் விஷயத்தை விளக்கியவர் கோயில் நிர்வாகி நல்லக்கண்ணு. தோணிவிளையில் பிள்ளைக்கு நோய் வந்தால், முத்தாரம்மனுக்குப் பிள்ளையின் எடைக்கு எடை கருப்பட்டி தருவதாக நேர்ந்துகொள்வார்கள். சித்திரையில் நடக்கும் கோயில் கொடைவிழாவில் பிள்ளையைத் துலாவில் ஏற்றி நேர்ச்சையைக் கழிப்பார்கள். பிள்ளை கனத்தால் கருப்பட்டி கூடுதலாக வேண்டும். கருப்பட்டி யாரிடம் வாங்குவது? காசிலிங்கத்திடம். பிள்ளைகளைக் கனக்க வைக்கிறவள் யார்? காசிலிங்கத்தின் மகள். கணக்கு அத்தனை பொருத்தமாக இருந்ததால் ஊர் அதை உடனே நம்பியது. காசிலிங்கம் அண்ணாச்சிக்கே ஒரு கட்டத்தில், தான் அப்படித் திட்டம் போட்டிருப்போமோ என்று சந்தேகம் வந்ததாகச் சொல்வார்கள்.

இதில் எல்லோரையும்விட மோசமாக மாட்டிக்கொண்டவள் தங்கத்தாய். உப்பு சுமக்கிறவள், புருஷன் இல்லை, ஒரே மகள் பிச்சம்மாள். முந்தின வருஷம் பிச்சம்மாளுக்கு மஞ்சள்காமாலை வந்து நகமெல்லாம் மஞ்சளாகக் கிடந்தபோது, எடைக்கு எடை கருப்பட்டி தருவதாகத் தங்கத்தாய் நேர்ந்திருந்தாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. நேர்ச்சையில் குறை வைத்தால் அம்மன் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வாள். அந்த ஊரில் இதை யாரும் பயமுறுத்துவதற்காகச் சொல்வதில்லை; குறை வைத்த வீடு எது என்று கை நீட்டிக் காட்டுவார்கள். தங்கத்தாய் கூலியில் மிச்சம் பிடித்துச் சில்லுச் சில்லாகக் கருப்பட்டி வாங்கி ஓலைப்பெட்டியில் சேர்த்து வந்தாள். பெட்டி நிரம்புகிற வேகத்தைவிடப் பிச்சம்மாள் படிக்கிற வேகம் அதிகமாக இருந்தது.

தங்கத்தாய் மகளை வகுப்பிலிருந்து நிறுத்தினாள். பலனில்லை. எழுத்துத் தெரிந்துவிட்ட கண் சும்மா இருக்காது. பிச்சம்மாள் சோப்புக் காகிதத்தை வாசித்தாள், உப்பு மூட்டையை வாசித்தாள், சினிமா நோட்டீஸ் வண்டியின் பின்னால் ஓடி ஓடி வாசித்தாள். மண்ணெண்ணெய்க் கடைப் பலகையை ஒருமுறை வாசித்துவிட்டு வந்ததில் வீட்டுக் கட்டில் கயிறு அறுந்தது. தாய் அவள் கண்ணைத் துணியால் கட்டிக் கூட்டிப்போனாள். துணியின் ஓரத்தில் மில்லின் பெயர் அச்சடித்திருந்தது. ஒரு சனிக்கிழமை தங்கத்தாய் நேரே கொட்டகைக்குப் போய், முத்துக்கனியின் முன்னால் நின்றாள்.

"ஏளா, எம்பிள்ளைக்குக் குடுத்தத நீ திருப்பி எடுத்துக்கிடு. எனக்குப் படிச்ச பிள்ள வேண்டாம். உசுரோட இருக்க பிள்ள போதும்."

"திருப்பி எடுக்க முடியாது அத்த. முடிஞ்சா எடுத்துருவேன்."

"முடியாதுன்னா என்னத்துக்குளா குடுத்த? ஒன்ன யாரு கேட்டா?"

முத்துக்கனி வகுப்பை அப்போதே விட்டுவிட்டாள். அவள் மார்க்குக்காகத்தான் வந்தாள். ஆனால் மார்க் தை மாதமே கிடைத்துவிட்டது, அதற்குப் பிறகும் அவள் ஏன் வருகிறாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. அப்பா ஏரலில் ஒரு பாத்திரக்கடைக்காரர் வீட்டில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார். ஆனியில் கல்யாணம். அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது முத்துக்கனி அழுதாள், பக்கத்துச் சீட்டுக்காரி நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

சித்திரைக் கடைசிச் செவ்வாய், மதியக் கொடையில் துலா கட்டினார்கள். பிச்சம்மாளை ஒரு தட்டில் உட்கார வைத்ததும் அது தரையில் இடித்தது. தங்கத்தாய் சேர்த்த கருப்பட்டி முழுவதையும் மறுதட்டில் கொட்டியும் துலாக்கோல் அசையவில்லை. காசிலிங்கம் அண்ணாச்சி ஒரு வண்டிக் கருப்பட்டியோடு வந்திருந்தார். "எல்லாத்தையும் எடுத்துப் போடு தங்கத்தாயி. காசு வேண்டாம்" என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார். ஆனால் இரவல் சாமானை அம்மன் தொடமாட்டாள் என்பது வழக்கம். இன்றைக்குச் சும்மா என்பார், நாளைக்குக் கணக்கில் எழுதுவார், அப்போது அது இரவல் ஆகிவிடும் என்று கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தங்கத்தாய் வண்டியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாம் அண்ணாச்சி என்றாள். பிச்சம்மாள் தட்டில் இருந்தபடியே, பந்தல் வாசலில் எழுதியிருந்த நன்கொடையாளர் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தாள். தட்டு மண்ணில் இன்னும் ஒரு விரல் புதைந்தது.

அப்போது முத்துக்கனி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, மறுதட்டிலிருந்த கருப்பட்டியைத் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

அவள் எடையை அதுவரை யாரும் பார்த்ததில்லை. வயசுப் பெண்ணைத் தராசில் ஏற்றுகிற வழக்கம் அங்கே கிடையாது. பன்னிரண்டு வருஷம் படித்தவள், தமிழ் போக இங்கிலீஷும் இருந்தது. துலாக்கோல் முனகியது. பிச்சம்மாளின் தட்டு மண்ணை உதறிக்கொண்டு எழும்பியது, சமனுக்கு வந்தது, சமன் தாண்டியும் கொஞ்சம் ஏறியது. நேர்ச்சையில் கூடுதல் இருந்தால் தப்பில்லை.

"இவ ஒனக்கு என்ன வேணும் தங்கத்தாயி? இதுவும் இரவல்தான்" என்றார் நல்லக்கண்ணு.

"கூலி வாங்காமத்தான வந்தேன்" என்றாள் முத்துக்கனி. "சும்மா வந்தத சும்மாவே வச்சுக்கிடுங்க."

இதில் இந்தப் பெண்ணுக்கு என்ன லாபம் என்று கூட்டம் யோசித்தது. வெயிலில் நின்று நிதானமாகவே யோசித்தார்கள். யாருக்கும் எதுவும் பிடிபடவில்லை. தங்கத்தாய் துலாவுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள், குலவை போட்டார்கள், பிச்சம்மாளை இறக்கினார்கள். முத்துக்கனி இறங்கப் போனபோது நல்லக்கண்ணு தடுத்தார். துலாவில் வைத்தது அம்மனுக்குச் சொந்தம். அம்மனுக்கு வந்ததைப் பந்தல் பிரிப்பதற்குள் ஏலம் விட்டாக வேண்டும், எலுமிச்சம்பழமானாலும் கிடாவானாலும். விளையாட்டாகத்தான் செய்தோம் என்று பிறகு விசாரிக்க வந்த போலீசிடம் சொன்னார்கள். யாரும் விளையாடவில்லை. அம்மன் முன்னால் வழக்கம் வழக்கம்தான்.

சேவலும் தேங்காயும் ஏலம் போன பிறகு முத்துக்கனியின் முறை வந்தது. காசிலிங்கம் அண்ணாச்சி மடியை அவிழ்த்துக்கொண்டு முன்னால் வந்தார். அவர் கேட்டால் அந்த ஊரில் யாரால் மேலே கேட்க முடியும்? மகளை வாங்கி, வண்டியில் ஏற்றி, ஆனியில் ஏரலுக்கு அனுப்பிவிடலாம். கேட்பதற்கு முன் மகளிடம் மெதுவாகச் சொன்னார்.

"மார்க்கு வந்தாச்சுல்லா. பெறகு என்னத்துக்கு இங்கன கெடந்து சீரழியுத?"

"பாதிப் பிள்ளைய இன்னும் எழுத்துக் கூட்டவே இல்லப்பா."

அண்ணாச்சி அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்நாளில் எந்தச் சரக்கையும் விலை குறைத்து விட்டுக்கொடுத்தவரல்ல. நல்லக்கண்ணு முதல் தரம் கூவினார். தங்கத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "ஒரு பெட்டி உப்பு" என்றாள். அதற்கு மேல் அவளிடம் கேட்க ஒன்றுமில்லை. இரண்டாம் தரம் கூவினார்கள். எல்லோரும் அண்ணாச்சியின் வாயையே பார்த்தார்கள். மூன்றாம் தரம் கூவி முடிகிறவரை அவர் வாயைத் திறக்கவில்லை. கண் மட்டும் நனைந்திருந்தது. அவர் ஏன் கேட்கவில்லை, இதில் என்ன உள்குத்து இருக்கிறது என்று ஊரில் வெகுகாலம் பேசிக்கொண்டார்கள்.

ஏரல் மாப்பிள்ளை அந்த ஆனியிலேயே வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டார். முத்துக்கனி தங்கத்தாய் வீட்டோடு ஒரு ஓலைச் சாய்ப்பு இறக்கிக்கொண்டு, அம்மன் கொடுத்த பெண்ணாக அங்கேயே இருந்தாள். கொட்டகைக்கு ஓடு போட்டார்கள். மில் வேலைக்கும் துறைமுக வேலைக்கும் போன பிள்ளைகள் டவுன் பஸ்ஸில் ஏறினால், வண்டி ஒரு பக்கம் சாயாமலிருக்கக் கண்டக்டர் பிரித்து உட்கார வைத்தார். தோணியில் போனால் வாசிக்கத் தெரிந்தவர்களை நடுவில் இருத்தினார்கள். தாய்மார் கருப்பட்டி நேர்வதை விட்டுவிட்டு உப்பு நேரத் தொடங்கினார்கள், அதுவும் பிள்ளைக்கு ஐந்து வயது முடிவதற்குள். காசிலிங்கம் அண்ணாச்சி மாதத்துக்கு ஒருமுறை வருவார், மகளோடு அதிகம் பேசமாட்டார், சாப்பிட்டுவிட்டுப் போவார்.

1979ல் ஒரு காலை, தங்கத்தாய் தனியாக டவுனுக்கு வந்து மண்டியில் நுழைந்தாள். கருப்பட்டி வாங்கவில்லை. தராசைக் காட்டி, என்னை நிறுங்கள் என்றாள். கொடைக்கு முன்பும் அவள் தன்னை ஒருமுறை அங்கே நிறுத்துப் பார்த்திருந்தாள். அண்ணாச்சி நிறுத்தார். முக்கால் கிலோ கூடியிருந்தது. அவர் கல்லை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"எப்பம்ளா படிச்ச?"

"ஒங்க மகதான் விடமாட்டேங்கா. தட்ட மாத்திப் போட்டு ஒருக்க நிறுங்க அண்ணாச்சி."

அவர் கல்லை இந்தத் தட்டுக்கும் அவளை அந்தத் தட்டுக்கும் மாற்றி நிறுத்தார். அதே எடைதான் இருந்தது. சரி என்று சொல்லிவிட்டுத் தங்கத்தாய் உப்பளத்துக்கு வேலைக்குப் போனாள்.