தொட்டிக்கால் அம்மன்

வாகையூரணி பேரூராட்சியின் தண்ணீர்த் தொட்டி நான்கு கால்களில் நின்றது. அவற்றில் ஈசானிய மூலைக் கால் ஆனி மாதக் கடைசியில் வியர்க்கத் தொடங்கியது.

முதலில் பார்த்தவள் ஒச்சாயி. தொட்டி நிழலில் பணியாரக் கடை போட்டிருந்த விதவை. அந்த வருடம் வானம் பொய்த்திருந்தது. திருமங்கலத்துக்கு மேற்கே கண்மாய்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. கிணற்றில் இறக்கிய வாளி சேற்றோடு ஏறி வந்தது. அப்படிப்பட்ட காய்ச்சலில், சாமிக்கு உகந்த மூலையில், ஆள் உயரத்தில், சிமெண்டுக்குள்ளிருந்து முத்து முத்தாகத் தண்ணீர் அரும்பினால் யாருடைய கைதான் குவியாமல் இருக்கும்? ஒச்சாயி ஒரு பிடி மஞ்சளை அப்பினாள். மறுநாள் யாரோ வேப்பிலை செருகினார்கள். ஆடி பிறந்தபோது அந்தக் காலுக்குச் சிவப்புச் சேலை ஏறிவிட்டது, சந்தனக் காப்பு ஏறிவிட்டது, தொட்டிக்கால் அம்மன் என்று பெயரும் ஏறிவிட்டது.

பேரூராட்சி அலுவலகம் திடலுக்கு எதிரே இருந்தது. தலைமை எழுத்தர் ராயப்பன் தன் நாற்காலியில் இருந்தபடியே ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தார். அவர் வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடாதவர். ஆனாலும் பணியாரம் வாங்கப் போகும்போது சேலை கட்டிய காலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடப்பார். நாலு பேர் கும்பிடுகிற இடத்தில் நாமும் பணிந்து நடந்தால் கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்பது அவருடைய எண்ணம்.

ஆடி நடுவில் ஒரு சாயங்காலம் அப்படிப் போனபோதுதான் சந்தனம் பிளந்திருப்பதைக் கண்டார்.

"பாத்தீகளா சார்," என்றாள் ஒச்சாயி, பணியாரத்தைக் கம்பியால் புரட்டியபடி. "காலையில அப்புன சந்தனம். பொழுது சாயுறதுக்குள்ள வாயைத் தெறந்துருது. தெனமும் அதே எடத்துல."

"தினமுமா?"

"மொதல்ல வெரக்கடை நீளம். இப்பச் சாணுக்கு மேல ஆயிருச்சு. ஆத்தாளுக்குப் பசி சார். கூழு கேக்குறா. கடைசி வெள்ளிக்கு ஊரே சேந்து இங்கனயே காச்சப் போறோம். நெழலுக்கு நெழலுமாச்சு."

காய்ந்த சந்தனம் வலைபோல எல்லாப் பக்கமும் வெடிக்கும். இது அப்படியில்லை. ஒரே கோடு, சாய்வாக, கத்தியால் கீறியதுபோல. பிளவின் கீழ் நுனியில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. ராயப்பன் அதை விரலில் தொட்டுப் பார்த்தார். செங்காவி நிறம், துருப்பிடித்த இரும்பின் வாடை. தோளில் பொடியாக ஏதோ உதிர்ந்தது. தட்டிவிட்டு மேலே பார்த்தார். சூல்கொண்ட வயிறுபோலத் தொட்டியின் அடிப்பாகம் அவர் தலைக்கு மேலே இருண்டு நின்றது. ஊரெல்லாம் வெயில் கொளுத்தியபோது அங்கே மட்டும் ஒரு குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சி அவருக்குப் பிடிக்கவில்லை.

"என்ன சார், பணியாரம் ஆறிப் போகுது," என்றாள் ஒச்சாயி.

வீட்டில் மனைவி பாக்கியத்திடம் மட்டும் சொன்னார். அவள் மிஷன் பள்ளியில் டீச்சர்.

"சொல்லிர வேண்டியதுதான," என்றாள் அவள்.

"யாரு சொல்றது? நான் வாயைத் திறந்தா, வேதக்காரன் அம்மனைப் பழிச்சிட்டான்னுதான் ஊரு கேக்கும். விரிசல்ங்கிற சொல்லு யாரு காதுலயும் ஏறாது."

"ஏறலைன்னா நாலு தடவை சொல்லுங்க. என் கிளாஸ்ல வாய்ப்பாடு சொல்றேனே, ஒரே தடவையிலயா ஏறுது?"

ராயப்பன் சிரித்தார். மறுநாளே மதுரைக்கு ஆள் அனுப்பி இன்ஜினியரைக் கேட்டார். வெளியூர் போயிருக்கிறார், ஆவணியில் வருவார் என்று பதில் வந்தது. நிர்வாக அதிகாரி இரண்டு ஊர்களைப் பார்த்துக்கொள்பவர். கூட்டத்தில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போனார்.

கூட்டத்தில் வைத்தார். தெருவிளக்கு, சந்தைக் குத்தகை, பன்றி பிடிக்கும் பொருள் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக எழுந்து, அவசரப் பொருள் என்று படித்தார். தொட்டியின் வடகிழக்குக் காலில் விரிசல் தெரிகிறது, தண்ணீரை வடித்துப் பரிசோதிக்க வேண்டும், அதுவரை அடியில் யாரும் கூடாதிருக்க வேண்டும்.

உறுப்பினர் சின்னான் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ஏன் சார், ஒங்க மாதா கண்ணுல தண்ணி வந்தா ஊருகூடித் தேர் இழுக்குறீக. எங்க ஆத்தாளுக்கு வேர்த்தா மட்டும் விரிசலா?"

எல்லாரும் சிரித்தார்கள். ராயப்பனும் சிரிப்பதுபோல உதட்டை விரித்தார். அவர் பார்வை தலைவர் நல்லகாமன் மேல் இருந்தது. நல்லகாமன் மட்டும் சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

தலைவர் இல்லாமலே பல வருடம் அதிகாரிகள் நடத்திய ஊர் அது. எண்பத்தாறு தேர்தலில் தண்ணீர் கொண்டுவருவேன் என்று சொல்லி நல்லகாமன் ஜெயித்தார், கொண்டும் வந்தார். தொட்டியைக் கட்டியவர் அவருடைய மச்சான் விருமாண்டி. திடலில் பதித்த கல்லில் இருவர் பெயரும் இருந்தன.

"பொருளைத் தள்ளி வைக்கிறோம்," என்றார் நல்லகாமன். "அடுத்த பொருள் இல்லைல? கலைஞ்சுக்கலாம்."

எல்லாரும் இறங்கிப் போனபின் நல்லகாமன் வராந்தாவில் ராயப்பனின் பக்கத்தில் வந்து நின்றார். குரல் தணிந்திருந்தது.

"சார், ஆடி போகட்டும். ஆவணியில நானே இன்ஜினியரைக் கையோட கூட்டியாரேன். இப்ப ஆளைக் கூப்புட்டா மச்சான் மேல கேஸு வரும். அப்புறம் எம் பொண்டாட்டி எனக்குச் சோறு போடுவாளா?"

"அடியில கூழு காச்சுறாங்களே தலைவரே. பொம்பளைங்க, பிள்ளைங்க."

"ஆத்தா பாத்துக்குவா."

அதைச் சொல்லும்போது நல்லகாமனின் கண்கள் தொட்டியின் பக்கம் போகவில்லை. ராயப்பனுக்கு அப்போது விளங்கியது, இவருக்கும் தெரியும் என்று. தெரியாதவனுக்கு எடுத்துச் சொல்லலாம். தெரிந்துகொண்டே சாமியின் முந்தானைக்குள் ஒளிகிறவனிடம் என்ன சொல்வது?

அதற்குப் பிறகு வந்த நாட்களில் திடலில் வேலை மும்முரமாக நடந்தது. தொட்டிக்கு அடியில் அடுப்புக்குழி வெட்டினார்கள். கடப்பாரைச் சத்தம் எழும்போதெல்லாம் ராயப்பன் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். வழக்கமாகத் தொட்டி விளிம்பில் வரிசையாக உட்காரும் காகங்கள் எதிரே வேம்புக்கு மாறியிருந்தன. ஒச்சாயியின் மாவில் மணல் நெருநெருக்கிறது என்று ஆட்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். "அரிசியிலதான் கல்லு," என்று அவள் அரிசிக் கடைக்காரனை ஏசினாள்.

வெள்ளிக்கு முந்தின சாயங்காலம் ராயப்பன் மாதா கோயிலுக்குப் போய் முழந்தாளிட்டார். ஜெபம் வரவில்லை, அடுப்புக்குழிகள்தான் வந்தன. எழுந்து நேரே திடலுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒச்சாயியின் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா, ஒரு விசயம் சொல்றேன். கோவப்பட்டா பட்டுக்கங்க. இது வாய் இல்லை. விரிசல். உள்ளே கம்பி துருப்பிடிச்சு ஊதுது. மேலே தொட்டி நிறைஞ்சு நிக்குது. இந்தக் கால் தாங்காதுன்னு எனக்குப் பயமா இருக்கு. நான் உங்க சாமியைச் சொல்லலை."

ஒச்சாயி கம்பியைக் கீழே வைத்தாள். அவர் கழற்றிவிட்ட செருப்பைப் பார்த்தாள்.

"வேற சாமிக்காரருல இந்த ஊருல நீங்க ஒருத்தருதான் செருப்பைக் கழட்டிட்டு வாரீக," என்றாள். "நீங்க ஆத்தாளைப் பழிச்சுப் பேச மாட்டீக."

எழுந்து போய்ச் சந்தனப் பிளவில் உள்ளங்கையை வைத்தாள். அங்கேயே நின்றாள். உள்ளேயிருந்து, நெல் அவிக்கும்போது பானை முனகுவதுபோல, மெல்லிய சத்தம் ஒன்று வந்தது. இருவருக்கும் கேட்டது.

"ஒரு பொம்பள தெனமும் அழுதா ஏன் தாயி அழுகுறன்னு கேக்கணும்ல சார். நாங்க பூ வச்சோம், பொட்டு வச்சோம். ஒருத்தருகூடக் கேக்கலை." கையை எடுத்தபோது உள்ளங்கை செங்காவியாக இருந்தது. "தலையில இம்புட்டுச் சொமையை ஏத்தி வச்சுட்டு, அடியில உக்காந்து கூழு காச்சப் போனோமே."

விடிந்ததும் இருவரும் தண்ணீர் திறக்கும் பேயாண்டியிடம் போனார்கள். கூழுக்குக் குறைவரக் கூடாது என்று தலைவர் சொன்னதால் மோட்டாரை ஓடவிட்டுத் தொட்டியை விளிம்புவரை நிரப்பியிருந்தான். தெருவுக்குத் தெரு முறை வைத்துத்தான் அங்கே தண்ணீர் விடுவது வழக்கம். எல்லாத் தெருவையும் ஒரேயடியாகத் திற என்றாள் ஒச்சாயி.

"மதினி, மொறை இருக்குல்ல. எல்லாத்தையும் தெறந்தா பிரெசிடெண்டு என் தோலை உரிச்சு முரசு கட்டிருவாரு."

"ஆத்தா குடுக்குற தண்ணிக்கு மொறை சொல்ல நீ யாருடா?"

"நான் திறக்கச் சொன்னேன்னு சொல்லு பேயாண்டி," என்றார் ராயப்பன். "வேலை போனா எனக்குப் போகட்டும்."

பேயாண்டி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு வால்வுகளைத் திறந்தபடியே தெருத்தெருவாக ஓடினான். முறையில்லாத நேரத்தில் குழாய்கள் சீறியதும் திடலுக்குப் புறப்பட்டிருந்த பெண்கள் எல்லாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். அந்த வறட்சியில் அதைவிடப் பெரிய அழைப்பு வேறில்லை. ஒச்சாயி அதற்குள் கூழ்ப்பானைகளைச் சுமக்கவைத்து எதிர்வேம்படிக்கு மாற்றினாள். ஆத்தா இடம் மாறச் சொல்லிவிட்டாள் என்றாள். அதில் பொய் இருப்பதாக ராயப்பனுக்குத் தோன்றவில்லை.

செய்தி போன வேகத்தில் நல்லகாமன் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, முகம் கறுத்திருந்தது.

"யாரைக் கேட்டுத் தெறந்தீக? யாரைக் கேட்டு அடுப்பை மாத்துனீக?"

"என்னைக் கேட்டுத்தான் தலைவரே," என்றார் ராயப்பன்.

நல்லகாமன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அலுவலகத்திலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துவரச் செய்து, தொட்டிக்கு நேர் அடியில், சேலை கட்டிய காலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"நான் கட்டுன தொட்டி. எவன் விழும்னு சொல்றான், பாத்துருவோம்."

ஊர் வேம்படியில் கூடி நின்று அவரைப் பார்த்தது. கூப்பிட ஒருவருக்கும் நா எழவில்லை. கூப்பிட்டால் வரமாட்டார் என்பதும் தெரியும். எத்தனை பேர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபிறகு எப்படி எழுவது? நெற்றியில் வேர்வை வழிவதை ராயப்பன் கண்டார். நாற்காலியின் கையை அவர் விரல்கள் இறுகப் பற்றியிருந்தன. சந்தனம் துண்டு துண்டாக உதிர்ந்து அவர் காலடியில் விழுந்துகொண்டிருந்தது. குழாய்கள் இரைந்தன. தொட்டி பாதிகூடக் காலியாகியிருக்காது. ராயப்பன் கைகள் தாமாகச் சேர்ந்தன.

ஒச்சாயி ஒரு சொம்பில் கூழை ஊற்றி, சின்ன வெங்காயம் வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டு தொட்டிக்கு அடியில் போனாள். நிதானமாகத்தான் நடந்தாள். ஆனால் சொம்பை அவரிடம் நீட்டவில்லை.

"அண்ணே, மொதக் கூழு ஊர்த்தலைவருக்குத்தான். அடுப்படியில நின்னு வாங்குறதுதான் மொறை. நீங்க வாங்காம ஒரு பிள்ளையும் வாய் நனைக்க முடியாது. பசியில நிக்குதுக. வாங்கண்ணே."

நல்லகாமன் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் வெற்றியும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பந்திக்கு அழைக்க வந்த உடன்பிறந்தாளின் முகம் அது. கௌரவம் குறையாமல் எழுவதற்கு ஒரு வாசலை அவள் திறந்து பிடித்திருந்தாள்.

"அதுவும் சரிதான்," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவள் முன்னே போக, அவர் பின்னே வந்தார். வேம்படிக்கு வந்து, இரண்டு கையாலும் சொம்பை வாங்கி, ஒரு வாய் குடித்தார்.

அப்போது திடலில் துணி கிழிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். ஈசானியக் கால் மெதுவாக முழங்காலை மடித்தது, தண்ணீருக்குக் குனியும் மாட்டைப் போல. தொட்டி அந்தப் பக்கம் சாய்ந்தது. ஒரு கணம் நிற்கப்போவதுபோல இருந்தது. பிறகு பூமி அதிர்ந்தது. புழுதியும் தண்ணீரும் ஒன்றாக எழுந்து வேம்புவரை வந்து அவர்கள் முகத்தில் அடித்தன. வெட்டிவைத்த அடுப்புக்குழிகள் இருந்த இடத்தில் சிமெண்டுப் பாறைகள் கிடந்தன. நாற்காலி இருந்த அடையாளமே இல்லை.

பெண்கள் பிள்ளைகளின் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். சின்னான் வேரில் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நல்லகாமன் சொம்பைக் கையில் வைத்தபடியே நின்றார். பிறகு ராயப்பன் பக்கம் திரும்பினார்.

"அந்தத் தள்ளி வச்ச பொருளு," என்றார். "திங்கக்கிழமை கூட்டத்துக்கு எடுங்க சார். மச்சான் பேரைப் போட்டே எழுதுங்க. எம் பேரையும் சேத்து."

"எழுதிரலாம் தலைவரே. முதல்ல கூழைக் குடிச்சு முடிங்க. பிள்ளைங்க காத்திருக்கு."

புழுதி அடங்கியபின் பார்த்தால், உடைந்த கால் ஆள் உயரத்துக்கு மிச்சமாக நின்றது. கிழிந்த சிவப்புச் சேலை அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. ராயப்பன் திடலை நோக்கி நடந்தார். சகதியும் பிய்ந்த கம்பிகளுமாகக் கிடந்த இடத்தின் ஓரத்தில் வழக்கம்போல நின்று செருப்பைக் கழற்றினார்.

"போட்டுக்கிட்டே வாங்க சார்," என்றாள் பின்னால் வந்த ஒச்சாயி. குனிந்து அவர் செருப்பை எடுத்து அவர் காலருகே வைத்தாள். "கம்பி குத்திரும். ஆத்தா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா."