தாளின் மறுபக்கத்தில் பேர்ணடெற்

1
இந்தக் கதை களவெடுத்தது. 1997 மாசியில், ஊரைவிட்டு வந்து சேர்ந்த குளிர்நாட்டில், மல்வேர்ன் பகுதிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு எதிரே ஒரு பெண் மடியில் பார்வையற்றோருக்கான தடித்த புள்ளி எழுத்துப் புத்தகத்தை விரித்து விரலால் வாசித்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் கணவர் தூங்கினார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து அவருக்குப் பேர்ணடெற் என்றும், கணவருக்கு அன்புராசா என்றும் பெயர் வைத்தேன். மிச்சமெல்லாம் கற்பனை. அப்படித்தான் நினைத்தேன்.

2
முதல் தொடக்கம்: ‘பேர்ணடெற்றின் இருண்ட உலகில் ஆறு புள்ளிகள் நட்சத்திரங்களாய்—’ சீ, வேண்டாம்.

இரண்டாவது: யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு, பதுங்கு குழியான பங்கருக்குள் யாரோ விளக்குக் கொளுத்த, வெளிச்சத்தைக் கண்டு மேலே பறந்த ஹெலி சுட்டது. பேர்ணடெற்றின் கண்கள் போயின. கொளுத்தியது பக்கத்து வீட்டு மரியம்மா என்று அன்புராசா மனைவிக்குச் சொல்லியிருக்கிறார். மரியம்மா அன்றே செத்துப்போனார், மறுக்க ஆளில்லை.

அடுத்த வரியை அழுத்தி எழுதினேன்: ‘கொளுத்தியது அன்புராசாதான்.’ உடனே ஒற்றைக் கோட்டால் வெட்டினேன். [அந்த மனிதர் பஸ்ஸில் சும்மா தூங்கியவர். அவர் தலையில் இதைக் கட்ட நான் யார்?]

3
“இஞ்சேருங்கோ, வகுப்பிலை இண்டைக்கு ஒரு கதை சொன்னவை. உந்தப் புள்ளி எழுத்து வாறதுக்கு முதல், பிரான்சிலை ஆமிக்காரருக்கெண்டு ஒண்டு செய்தவையாம். இருட்டிலை தடவி வாசிக்க. விளக்குக் கொளுத்தினால் எதிரி சுடுவானெல்லே.”*

பேர்ணடெற் சொல்ல, அன்புராசா சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். “ம்.”

“அண்டைக்குக் கொளுத்தினது மரியம்மாக்கா எண்டுதானே சொன்னனீங்கள்?”

“ஓம். எனக்கு வேலைக்கு நேரம் போட்டுது.”

(* படையினருக்கு அது சரிவரவில்லையாம். பார்வையற்ற பிள்ளைகளின் கைக்குப் போய்த்தான் உருப்பட்டது. அந்தப் புள்ளிகளை ஊசியால் எழுதுபவர்கள் தாளின் பின்பக்கத்தில், வலமிருந்து இடமாக, எல்லாவற்றையும் புரட்டிக் குத்துவார்கள். திருப்பினால் நேராகப் புடைத்து நிற்கும்.)

4
காலையில் என் தாள்கள் கவிழ்ந்து கிடந்தன. நான் கவிழ்த்து வைக்கவில்லை. பின்பக்கத்தைத் தடவினேன். வெட்டிய வரிதான் ஆகக் கூடுதலாகப் புடைத்திருந்தது, இடம்வலம் மாறி. பேர்ணடெற் கண் தெரிந்த காலத்தில் தமிழ் எழுத்துப் படித்தவர். புரட்டி வாசிக்க இப்போது வகுப்பில் பழகியிருக்கிறார்; இந்த வரியைத் தடவி வாசித்திருக்க வேண்டும்.

தாளைத் திருப்பினேன். கீழே நான் வெறுமையாக விட்ட இடத்தில், மையில்லாமல், பின்னாலிருந்து ஊசியால் குத்திய தமிழ் எழுத்துகள்:

“அவர் கொளுத்தினது எனக்குத் தெரியும். இருட்டுப் பயமாக் கிடக்கு, கொளுத்துங்கோ எண்டு கேட்டது நான். அது எனக்கு மறந்துபோச்செண்டு நினைச்சு, நான் என்னையே நோகக் கூடாதெண்டுதான் பொய் சொல்லுறார். இதையும் எழுதுவியளோ?”

இதை நான் எழுதவில்லை. இந்த வீட்டில் நான் தனி ஆள். எனக்குப் பயமாக இருக்கிறது.

5
முடிவு அ: தனக்கு எல்லாம் தெரியும் என்று பேர்ணடெற் சொல்லிவிடுகிறார். அன்புராசா இத்தனை வருசம் தனியே சுமந்தது வீணாகிறது.

முடிவு ஆ: சொல்லவில்லை. அன்புராசா இன்னும் பொய் சொல்லிக்கொண்டே வேலைக்குப் போய் வருகிறார், பேர்ணடெற் நம்பியதுபோல இருக்கிறார்.

முடிவு இ: ‘கதவு திறந்தது. பேர்ணடெற் தலையை நிமிர்த்தி—’

என்னால் முடியாது. அன்புராசா வந்துவிட்டார், சப்பாத்தைக் கழற்றுகிறார். பேனையை நீங்கள் பிடியுங்கள். பேர்ணடெற்றைப் பேச வைப்பதோ பேசாமல் விடுவதோ உங்கள் பாடு. பிழையாய்ப் போனால் வெட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். தாளுக்கு அடியில் அவருடைய விரல் காத்திருக்கிறது.