இருபதாவது நிமிடத்தில் நிற்கும் கார்

இதனால் சகலருக்கும், அவர்களுள் முக்கியமாகச் சகலைக்கும், அறிவிக்கப்படுவது யாதெனில்: வருகிற வியாழக்கிழமை காலை சரியாக ஒன்பது மணிக்கு, போர்வை ஆலையின் முன்னாள் ஸ்டோர் கண்காணிப்பாளர் தமது சொந்தக் காரில், ஆலையின் மேலாளரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தாமே ஓட்டி, நாற்பது நிமிடம் பயணம் செய்வார். வழியில் எந்த இடத்திலும் கார் நிற்காது.

அறிவித்தவர் முன்னாள் கண்காணிப்பாளரேதான். இடம், மெக்கானிக் பட்டறை. திரண்டிருந்த கூட்டம், மெக்கானிக் ஒருவர், சக்கரம் கழற்றிய டாக்ஸி ஒன்று.

அக்காவைக் கட்டியவர் கண்காணிப்பாளர். தங்கையைக் கட்டியவர் மெக்கானிக். சகலை என்பவர் யாரும் தேடிப்போய்ப் பிடித்துக்கொள்கிற உறவல்ல. பெண்டாட்டியோடு சேர்ந்து வருவது. ஓய்வு பெற்று நாலு வருடம் ஆன பிறகும் பெரிய சகலையின் வாயிலிருந்து வந்ததெல்லாம் நோட்டீஸ் போர்டில் ஒட்டக்கூடியதாகவே இருந்தபடியால், பட்டறையில் அவருக்குச் 'சுற்றறிக்கை' என்று பெயர்.

மெக்கானிக்குக்கும் ஒரு பெயர் உண்டு: 'டிரிப்ஸ்'. ஓடாத வண்டி எது வந்தாலும் அவர் முதலில் செய்வது ஒன்றுதான். டேங்கிலிருந்து வரும் குழாயைப் பிடுங்கிவிட்டு, அடி வெட்டிய ஒரு பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பெட்ரோல் ஊற்றி, அதிலிருந்து நேராகக் கார்புரேட்டருக்கு மெல்லிய குழாய் ஒன்று கொடுப்பார், ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிற மாதிரி. அப்படியும் ஓடாவிட்டால் கோளாறு இன்ஜினில். ஓடினால், பெட்ரோல் வரும் வழியில். இருபத்தைந்து வருடமாக இந்தப் பாட்டில் பொய் சொன்னதில்லை. அவருக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. சகலையின் கர்வத்துக்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆனால் உண்டு.

காருக்கு முப்பது வயது. காலையில் நல்ல பிள்ளையாகக் கிளம்பும். இருபது நிமிடம் ஓடும். பிறகு இரண்டு முறை தும்மும், விக்கும், நின்றுவிடும். சாவியைத் திருப்பினால் முனகும். சகலை உடனே மெக்கானிக்குக்குப் போன் போடுவார். பிறகு, பெட்ரோல் முள் செத்துப் பல காலம் ஆகிவிட்டதால், டிக்கியிலிருந்து மர ஸ்கேலை எடுத்து, டேங்கில் விட்டு அளந்து பார்ப்பார். மெக்கானிக் போட்டதைப் போட்டபடி விட்டு ஓடிவந்து சாவியைத் திருப்பினால் கார் அரைச் சுற்றில் கிளம்பிவிடும், டாக்டரைக் கண்டதும் நின்றுபோகிற பல்வலி மாதிரி.

"பாத்தீங்களா தம்பி? உங்களைக் கண்டா ஓடுது. அப்ப கோளாறு வண்டியில இல்ல" என்பார் சகலை. பின்னே எங்கே என்பதை அவர் சொல்வதில்லை. மெக்கானிக்கை ஒரு தரம் மேலும் கீழும் பார்ப்பதோடு சரி.

மற்ற நேரமாக இருந்தால் மெக்கானிக் இதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்பார். ஆனால் தெரு முனையில் கண்ணாடிச் சுவர் வைத்து ஒரு பெரிய சர்வீஸ் நிலையம் வந்த பிறகு பட்டறைக்கு வருகிற வண்டி கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிவிட்டது. அடுத்த மாதம் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு, அங்கேயே நீலச் சட்டை மாட்டிக்கொண்டு, மகன் வயதுள்ள ஒருவனுக்கு 'எஸ் சார்' போட வேண்டியதுதான் என்ற நிலை. அப்போதுதான் சகலை அந்தச் செய்தியோடு வந்தார். போர்வை ஆலை ஆறு புது வேன் வாங்கியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பட்டறை வேண்டும். மேலாளர் நம்ம கைக்குள்ளே. சகலையின் பழைய காரில் அவரை ஒரு சுற்று கூட்டிப்போய், 'இந்தக் கிழத்தையே ஓட வைத்த கை இது' என்று காட்டிவிட்டால் ஆறு வேனும் டிரிப்ஸுக்குத்தான். அதாவது வருடம் முழுக்க வேலை. அதாவது நீலச் சட்டை வேண்டாம்.

ஆகவே மெக்கானிக் எட்டு நாள் அந்தக் காரோடு குடித்தனம் நடத்தினார். பாட்டிலைத் தொங்கவிட்டார்; ஒரு மணி நேரம் ஓடியது, தும்மல்கூட இல்லை. சரி, பெட்ரோல் வரும் வழிதான். ஃபில்டரை மாற்றினார். பம்பைப் பிரித்து உள்ளே இருந்த ரப்பர் தகட்டை மாற்றினார். டேங்க் மூடியைக் கழற்றி, துடைத்து, டாஷ்போர்டின் மேல் பத்திரமாக வைத்துவிட்டு, குழாயில் காற்றடித்து ஊதினார். ஒரு தூசி வரவில்லை. கார்புரேட்டரை இரண்டு தடவை கழுவினார். மூன்றாவது தடவை கழுவியது கோபத்தில். ரயில்வே கேட் வரை ஓட்டிப் பார்த்தார், பன்னிரண்டு நிமிடம், வெண்ணெய் மாதிரி போனது. அதற்கு மேல் ஓட்டச் சகலை விடவில்லை. சோதனைக்கு அவ்வளவு பெட்ரோல் செலவிடுவது நிர்வாகச் சீர்கேடு என்றார். மறுநாள் அவரே எடுத்துக்கொண்டு போனார். இருபதாவது நிமிடத்தில் போன் வந்தது.

இந்த எட்டு நாளில் சகலை நான்கு தனித்தனி முடிவுகளை வெளியிட்டார். காருக்கு ஓய்வு போதவில்லை. பம்பின் மேல் ஈரத்துணி போட வேண்டும். கார் வடக்கே பார்த்துப் போகும்போதுதான் நிற்கிறது. நான்காவது முடிவைச் சொல்லும்போது நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"தம்பி, உங்க கையில ராசி இல்ல. இதை நான் குத்தமாச் சொல்லல. தகவலுக்காகச் சொல்றேன்."

வீட்டில் மெக்கானிக்கின் மனைவி இதையே பாத்திரம் தேய்த்தபடி, பாத்திரத்திடம் சொன்னாள். அக்கா வீட்டு வண்டி ஒன்றை ஓட வைக்கத் துப்பில்லாதவருக்கு ஆறு வேன் கேட்கிறதா என்று அவள் கேட்டது ஒரு குழம்புச் சட்டியை.  

வியாழக்கிழமை வந்தது. மேலாளர் ஒல்லியான, மரியாதை தெரிந்த மனிதர். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும், "சார், இந்த வேன் விஷயமா ஒண்ணு..." என்று ஆரம்பித்தார். சகலை கையை உயர்த்தினார். முதலில் வண்டி பேசட்டும், மனிதர்கள் பிறகு பேசலாம் என்றார். பிறகு வண்டியையும் பேச விடாமல் அவரே பேசினார். ஸ்டோரில் தம் காலத்தில் ஒரு ஆணிகூடக் காணாமல் போகாத வரலாறு, ஒரு முறை போனது, அது எப்படிக் கிடைத்தது. மேலாளர் நடுவில் இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் திறந்த வாய் கொட்டாவியாகவே முடிந்தது. பின் சீட்டில் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு மெக்கானிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். பதினெட்டு. பத்தொன்பது. பாலத்தின் மேல் ஏறும்போது இருபத்தொன்று. ஒரு விநாடி அவருக்கு நம்பிக்கைகூட வந்தது.

கார் தும்மியது. விக்கியது. பாலத்தின் நட்ட நடுவில் நின்றது. பின்னால் இருபது ஹாரன் ஒரே குரலில் அதைக் கண்டித்தன.

"ஓய்வு எடுக்குது" என்று மேலாளரிடம் விளக்கினார் சகலை. ஸ்கேலை எடுத்துக்கொண்டு டேங்க் பக்கம் நடந்தார். மெக்கானிக்கும் கூடவே இறங்கினார். வேறு காரணம் ஒன்றுமில்லை, மேலாளரின் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கார் நின்ற நேரத்தில் நின்ற இடத்தில் அவர் இருப்பது இதுதான் முதல் தடவை. சகலை மூடியைத் திருகினார்.

உஸ்ஸ்ஸ் என்று டேங்க் ஒரு பெருமூச்சை உள்ளே இழுத்தது.

மெக்கானிக் அந்த மூடியைச் சகலையின் கையிலிருந்து வாங்கவில்லை, பிடுங்கினார். திருப்பிப் பார்த்தார். உள்பக்கம், காற்று போக வேண்டிய பொடி ஓட்டை இருக்கிற இடத்தில், குழாய் ஒழுகினால் அடைக்கிற பசை கல்லாய் இறுகியிருந்தது. அடைத்தவர் சும்மா அடைக்கவில்லை. விரலால் தடவி வழவழப்பாக்கி, மேலே கறுப்புப் பெயிண்டும் அடித்திருந்தார். எட்டு நாளில் இந்த மூடியைப் பத்து தடவையாவது தாமே துடைத்து வைத்தது மெக்கானிக்குக்கு நினைவு வந்தது. மூடியைத் திறந்து வைத்துவிட்டு, பெட்ரோல் ஏன் வரவில்லை என்று தேடிய மகா வைத்தியர் அவர்.

"அண்ணே, இந்த ஓட்டைய யார் அடைச்சது?"

"நான்தான்" என்றார் சகலை, பரிசு வாங்க மேடை ஏறுபவர் மாதிரி. "கம்பெனி விட்ட குறை அது. அது வழியா பெட்ரோல் ஆவியாப் போயிட்டிருந்தது. மூணு லெட்டர் எழுதினேன், பதில் இல்ல. நானே அடைச்சிட்டேன்."

"எப்போ?"

"ஒரு ரெண்டு மாசம் இருக்கும்."

"வண்டி நிக்க ஆரம்பிச்சு எவ்வளவு நாளாச்சு?"

சகலை யோசித்தார். கணக்கு சரியாக வந்தது. ஆனால் சரியாக வந்த கணக்கை ஏற்றுக்கொள்வது அவர் வழக்கமில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக எந்த ஆவணமும் இல்லை என்றார்.

மெக்கானிக் வெடித்தார். எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் வருமா, எதிரில் இன்னொன்று போட்டால்தானே வரும்? இது சமையல்கட்டில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். காற்று உள்ளே போகாத டேங்கிலிருந்து பம்பு எதை இழுக்கும்? இருபது நிமிடம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிடும். இவர் அளக்கிறேன் என்று மூடியைத் திறந்ததும் காற்று போகும், கார் கிளம்பும், ராசியில்லாத கை மெக்கானிக்குடையது ஆகும்! இவ்வளவையும் பாலத்தின் மேல் அத்தனை ஹாரனுக்கும் மேலான குரலில் சொல்லிக்கொண்டே, பையிலிருந்து ஊசியை எடுத்துக் குத்திப் பார்த்தார். ஊசி வளைந்தது. கையால் சுற்றும் சின்னத் துரப்பணத்தால் பசையைக் குடைந்தார். மூடியை வாயில் வைத்து ஊதினார். காற்று போனது.

கார் கிளம்பியது. பாலம் இறங்கியது, ஆற்றோரச் சாலை முழுக்க ஓடியது, நாற்பதாவது நிமிடத்தைத் தாண்டியது, ஐம்பதையும் தாண்டியது. கம்பெனிக்கு எழுதிய மூன்று லெட்டரையும் சகலை மேலாளருக்கு வரி விடாமல் ஒப்பித்தார். அதில் ஒரு வார்த்தைகூட மெக்கானிக்கின் காதில் ஏறவில்லை. தமது ஆறு வேன்களும் வரிசையாகப் பட்டறை வாசலில் வந்து நிற்பதை அவர் பார்த்தார். நீலச் சட்டை தூரத்தில் கொடியில் ஆடி மறைந்தது.

ஆலை வாசலில் மேலாளர் இறங்கினார். நேராக மெக்கானிக்கிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நல்லா பிடிச்சீங்க அண்ணே. வேற யாருக்கும் தோணியிருக்காது. நான் ஏறினதுலேருந்து சாருக்கு ஒரு விஷயம் சொல்லணும்னு பாக்கறேன், அவர் வாயைத் திறக்க விடல."

வாங்கிய ஆறும் பேட்டரி வேன்கள். அவற்றில் பெட்ரோல் டேங்கே கிடையாது.