கயிறு பிடித்தவர்கள்

என் உடம்பை மரியாதையாகப் பார்த்த ஒரே கூட்டம் அந்தப் பாறை ஏறும் கூட்டம்தான். மற்ற இடங்களில் நான் கேலிப் பொருள். வீட்டில் நான் உட்காரப் போகும் நாற்காலியை அண்ணிகள் இருவரும் ஒருமுறை பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் பெருமூச்சு விடுவார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் கைவிடப்பட்டுக் கிடந்த கல்குவாரியில் நான் போய் நின்றால் போதும், இன்றைக்கு யாருக்கு நான் கயிறு பிடிப்பது என்று அங்கே சண்டையே நடக்கும். எனக்கு அவர்கள் வைத்த பெயர் நங்கூரம்.

கயிறு பிடிப்பது என்றால் என்னவென்று இப்போது யாருக்கும் தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். மேலே ஏறுகிறவர் இடுப்பில் கயிற்றின் ஒரு முனை. போகிற வழியில் பாறை இடுக்கில் ஆணி அடித்து, வளையம் மாட்டி, அதில் கயிற்றைக் கோத்துக்கொண்டே போவார். மறுமுனை கீழே நிற்கிறவர் கையில். மேலே இருப்பவர் வழுக்கினால் கீழே இருப்பவர்தான் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்குக் கையில் சூட்சுமம் வேண்டும், உடம்பில் கொஞ்சம் கனமும் வேண்டும். ஒருமுறை தபால்காரர் விழுந்தபோது கீழே நர்ஸக்கா பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஊதினால் பறந்துவிடுகிற ஆள். அவர் கீழே வந்தார், அவள் மேலே போனாள், பாதி வழியில் இருவரும் முகத்துக்கு முகம் சந்தித்து நலம் விசாரித்துக்கொண்டார்கள். அதற்கப்புறம்தான் என் மதிப்பு இன்னும் ஏறியது.

நான் தையற்காரி. லாரி சீட் பெல்ட்டுகளை வெட்டி இடுப்புப் பட்டை தைத்துத் தரச் சொல்லி ஒரு வெல்டர் என் கடைக்கு வந்தார். எதற்கு என்று கேட்டேன். பாறை ஏற என்றார். பைத்தியம் என்று நினைத்துக்கொண்டே தைத்துக் கொடுத்தேன். பிற்பாடு அந்தப் பைத்தியத்தையே கட்டிக்கொண்டேன், அது வேறு கதை. அந்தக் காலத்தில் இந்தச் சாமான்கள் எதுவும் கடையில் கிடைக்காது. ஆணியும் வளையமும் வெல்டர் பட்டறையில் பிறந்தவை, பட்டை என் மிஷினில் பிறந்தது. கயிறு மட்டும் எல்லோரும் சேர்ந்து வெளியிலிருந்து தருவித்தது. என் தையலை நம்பி ஆட்கள் அந்தரத்தில் தொங்குவதைப் பார்க்கப் போனவள்தான் நான். முதல் நாள் பயத்தில் எனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

எப்பேர்ப்பட்ட ஆட்கள்! தபால்காரர் காக்கிக் கால்சட்டையோடு ஏறுவார், நடுவில் நின்று பாட்டு வேறு. நர்ஸக்கா இரவுப் பணி முடித்து நேரே வருவாள், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு எல்லோருக்கும் முன்னால் மேலே போய் உட்கார்ந்துகொள்வாள். இவர்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவன் பல்லி. அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற வேலை. அவன் விரல் நுழையாத இடுக்கு அந்தக் குவாரியில் கிடையாது. கிழக்குப் பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று ஒரு செங்குத்துச் சுவர் இருந்தது, அதற்கு மாமியார் என்று பெயர், ஏனென்றால் எதற்கும் இறங்கி வராது. அதில் முதலில் ஏறியவன் பல்லி. வேறு ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து அவன் ஏறுவதை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒருவர் கயிறு பிடிக்க வந்தால் அவரைச் சோதிக்காமல் யாரும் நம்ப மாட்டார்கள். சோதனை இதுதான்: ஏறுகிறவர் கொஞ்ச உயரம் போய், சொல்லாமல் கொள்ளாமல் கையை விட்டுவிடுவார். கீழே இருப்பவர் பிடித்தால் அன்றிலிருந்து அவர் நம் ஆள். பிடிக்காவிட்டால் அடி விழுந்தவருக்கு, அவமானம் கீழே நின்றவருக்கு. என்னைச் சோதித்தவன் பல்லி. வெல்டர் பக்கத்தில் நின்று ஏதோ பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவன் அப்படியே கல் மாதிரி விழுந்தான், நான் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. தொங்கியபடியே அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதன் பிறகு மாமியார் சுவரில் அவன் ஏறிய அத்தனை முறையும் கயிறு என் கையில்தான் இருந்தது.

அதெல்லாம் போய் எவ்வளவோ காலமாயிற்று. குவாரியில் தண்ணீர் நிரம்பிவிட்டது. தபால்காரரும் நர்ஸக்காவும் இப்போது இல்லை. மிஞ்சியது பல்லியும் வெல்டரும் நானும்தான். போன மாதம் ஒரு நாள் நான் ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டிருக்கும்போது பல்லியின் மகளிடமிருந்து போன் வந்தது. அந்தப் பெண் என்னை அத்தை என்றுதான் கூப்பிடும். குரல் சரியில்லை.

அவள் சொன்னதன் சாரம் இது. பல்லிக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருக்கிறது. ஆபரேஷன் செய்து மாற்ற வேண்டும், தள்ளிப்போட்டால் எந்த நேரமும் நின்றுவிடலாம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். நாளும் குறித்தாகிவிட்டது. அதற்கு முன்னால் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மாவிடம் பரிசோதனைக்குப் போயிருக்கிறார்கள். உயரமான கட்டிலில் உட்கார வைத்துவிட்டு அந்த டாக்டரம்மா திரும்பி எதையோ எழுதியிருக்கிறார். பல்லி கட்டிலிலிருந்து தொப்பென்று கீழே விழுந்துவிட்டான். மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. மூளையில் ஏதும் கோளாறோ என்று தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்லி, ஆபரேஷனை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஸ்கேனுக்கும் வர மாட்டேன், ஆபரேஷனும் வேண்டாம் என்று அவன் படுத்துவிட்டான். காரணம் கேட்டால் வாயே திறக்கவில்லையாம்.

  விழுந்தான் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஏதோ பொறி தட்டிவிட்டது. பல்லியாவது, கட்டிலிலிருந்து விழுவதாவது! கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு, வெல்டரை வண்டியை எடுக்கச் சொன்னேன்.

பல்லி ஜன்னலோரம் படுத்திருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது, கட்டிலிலிருந்து கழிவறை வரை போய் வந்தாலே மூச்சு வாங்குகிறது என்று மகள் சொன்னாள்.  இரக்கம் காட்டினால் காரியம் கெடும்.

"வேணும்னுதானே விழுந்தே?" என்றேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"உன்னத்தான் கேக்கறேன்."

"பிடிக்கல" என்றான் சுவரைப் பார்த்து. "அந்தப் பொண்ணு என்னைப் பிடிக்கல. என்னைத் தூங்க வச்சு, நெஞ்சப் பொளந்து, மூச்ச மிஷினுக்குக் குடுத்துடுவாங்களாம். அந்த நேரம் பூரா நான் அந்தப் பொண்ணு கையிலதான் இருக்கணுமாம். சோதிக்காம எப்படி? சோதிச்சேன். கோட்ட விட்டுடுச்சு."

மகள் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் அவன் சொன்னது எனக்குப் புரிந்தது, அதுதான் கொடுமை. வேறு யாராக இருந்தாலும் கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றிருப்பார்கள். எங்கள் கூட்டத்தில் வளர்ந்தவன் அதைத்தான் செய்வான். அவன் பிடிவாதம் உடும்புப்பிடி, கெஞ்சி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவன் பாஷையிலேயே பேசினால்தான் உண்டு.

"நான் உன்னைப் பிடிச்சப்ப கயிறு எங்க இருந்தது?" என்றேன்.

"உன் கையில."

"நான் பிடிச்சாச்சுன்னு குரல் குடுத்தப்புறம் ஏறினியா, முன்னாடியே ஏறினியா?"

அவன் போர்வை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அந்தப் பொண்ணு உன் கயித்தக் கையில வாங்கவே இல்ல, பல்லி. பிடிச்சாச்சுன்னு சொல்லவும் இல்ல. நீ பாட்டுக்கு விழுந்துட்டு அவமேல பழி போடறே. நம்ம குவாரியில யாராவது இப்படி விழுந்திருந்தா, ஒரு மாசம் பக்கத்துல சேத்திருப்பியா அவன?"

வெல்டர் அதிகம் பேசுகிறவரில்லை. வாசலில் நின்றபடியே, "சேத்திருக்க மாட்டான்" என்றார்.

பல்லி எங்கள் பக்கம் திரும்பினான். சரி, அந்தப் பெண்ணிடம் இன்னொரு முறை கூட்டிப் போங்கள், ஆனால் கேட்க வேண்டியதை நங்கூரம்தான் கேட்க வேண்டும் என்றான்.

மறுநாளே போனோம். மயக்க மருந்து டாக்டர் சின்னப் பெண், என் மகள் வயதுகூட இருக்காது. ஆள் கொத்தவரங்காய் மாதிரி இருந்தாள். பல்லி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முதல் கேள்வியாக, எடை எவ்வளவு என்று கேட்டுத் தொலைத்தான். மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் குறுக்கே விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன்: குவாரி, கயிறு, சோதனை, அவன் கட்டிலிலிருந்து விழுந்தது எதற்காக என்பது வரைக்கும். அந்தப் பெண்ணுக்கு முதலில் கோபம்தான் வந்தது. எலும்பு முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல்லியைப் பிடித்து நன்றாகவே திட்டினாள். எனக்கு அவளை உடனே பிடித்துப் போயிற்று. எதிராளி மனம் நோகுமே என்று திட்டாமல் விடுகிறவள் கயிறு பிடிக்க லாயக்கில்லை.

அவள் திட்டி முடித்ததும் நான் கேட்டேன். "இவரு தூங்கினப்புறம் நீங்க எங்கம்மா இருப்பீங்க?"

"தலைமாட்டுல."

"எவ்ளோ நேரம்?"

"ஆபரேஷன் பண்றவங்க வேலைய முடிச்சு, இவரு கண்ணத் தொறந்து எனக்குப் பதில் சொல்ற வரைக்கும். மூச்சு, ரத்த அழுத்தம், நாடி, எல்லாம் என் கையில. அவங்க எல்லாரும் நெஞ்சப் பாத்துட்டிருப்பாங்க. நான் இவரத்தான் பாத்துட்டிருப்பேன்."

"நடுவுல எந்திரிச்சுப் போகணும்னா?"

"இன்னொரு டாக்டர் வந்து என் எடத்துல உக்காரணும். நான் பாத்துக்கறேன்னு அவர் வாயால சொல்லணும். அதுவரைக்கும் நான் நகர மாட்டேன்."

நான் பல்லியைப் பார்த்தேன். அவன் அந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்பெல்லாம் புது ஆள் கயிற்றை எப்படிப் பிடிக்கிறார் என்று அவன் அப்படித்தான் பார்ப்பான்.

"ஸ்கேன் வேணாம்" என்று அவளிடம் சொன்னான். "மண்ட நல்லாத்தான் இருக்கு. எப்ப வரணும்னு சொல்லுங்க."

அவள் ஸ்கேனை விடவில்லை. எடுத்த பிறகுதான் தேதி கொடுத்தாள். அதிலும் எனக்குத் திருப்திதான்.

ஆபரேஷன் அன்று நாங்கள் மூவரும் நீளமான ஒரு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். மகள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெல்டர் போய்த் தேநீர் வாங்கி வந்தார், யாரும் குடிக்காமல் அது ஆறிப்போக மறுபடி போய் வாங்கி வந்தார்.  கயிறு என் கையில் இல்லாமல் அவன் விழுவதை நினைத்துப் பார்த்தது வாழ்க்கையிலேயே அன்றுதான்.

பெரிய டாக்டர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெல்டர் கும்பிட்டார். இன்னும் யார் யாரோ உறவுக்காரர்கள் எங்கிருந்தோ வந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். சூழட்டும், அவரும் பாடுபட்டவர்தான். அப்போது அந்த மயக்க மருந்து டாக்டர் பெண் அவர் பின்னாலேயே வந்தாள். கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, சுவரோரமாக, யார் கண்ணிலும் படாமல் போய்க்கொண்டிருந்தாள். அந்த நடை எனக்குத் தெரியும். உச்சியில் ஏறியவனைப் பார்த்து எல்லோரும் கைதட்டும்போது கீழே கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நானும் அப்படித்தான் நடப்பேன். குறையாகச் சொல்லவில்லை, பழகிப்போன நடை அது.

வேகமாகப் போய் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தன.

"நல்லாப் பிடிச்சீங்கம்மா" என்றேன்.

 இத்தனை நாளில் யாரும் தன்னிடம் வந்து இப்படிச் சொன்னதில்லை என்றாள். நோயாளிகளுக்கு அவள் முகமே நினைவிருக்காதாம், தூங்கிவிடுகிறார்களே என்று சிரித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் கையைச் சூடு வரும்வரை தேய்த்துக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் பல்லியைப் பார்க்க விட்டார்கள். நெஞ்சில் பெரிய கட்டு, தொண்டை கரகரத்திருந்தது, ஆனால் உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். பேசக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தும் அவன் பேசினான்.

"ஏறும்போது நான் கீழ பாத்ததே இல்ல. கவனிச்சிருக்கியா?"

"பயம்னு நெனச்சேன்."

"பயமெல்லாம் இல்ல. பாக்க வேண்டி வந்ததே இல்ல. நீ நின்னே." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "நான் மேல போனதத்தான் எல்லாரும் பேசுவாங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் வீட்டுக்குத் திரும்பிப் போனேனே, என் பொண்ணப் பெத்தேனே, அதப் பத்தி யாரு பேசினா? நானே பேசல."

வழக்கம்போல ஏதாவது திட்டிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குப் பதில் அவன் சுளுக்கிய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"எனக்குன்னு நிக்க ஒரு எடம் நீங்கல்லாம் குடுத்தீங்களே, பல்லி" என்றேன். "அதுக்கு முன்னாடி எங்க போனாலும் நான் எடத்த அடைச்சுக்கிட்டு நின்னவதான்."

அவன் என் கையை அழுத்தினான். அந்த விரல்களில் இன்னும் பலம் இருந்தது.