குண்டசாலை விலாசம்

கம்பளை பஸ்ஸிலிருந்து கண்டியில் இறங்கியதும் சுதர்சினி முதல் வேலையாகக் குழாயடிக்குப் போய்ச் சப்பாத்தைக் கழுவினாள். அடியில் ஒட்டியிருந்த சிவப்பு மண் லேசில் போகவில்லை. கைக்குட்டையின் ஒரு முனையை நனைத்துத் தேய்த்தாள்.

"சப்பாத்துக்கு இவ்வளவு பவிசா, புள்ள? மாப்பிள்ள பாக்கவா போற?" என்றாள் பக்கத்தில் போத்தலுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தி.

"இல்லக்கா, இன்டர்வியூ."

"அப்ப நல்லாத் தேய்."

மூளை விஞ்ஞானத்தில் ஆர்வமுள்ள மலையகப் பிள்ளைகளுக்கு ஒரு வருடப் பயிற்சி. வாரம் இரண்டு நாள் ஆய்வுகூடத்தில் வேலை, ஆளுக்கொரு வழிகாட்டி, பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் மாதாமாதம் பணம், பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு உதவி. கண்டியில் ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிற திட்டம். மொத்தமே பத்து இடம்.

சுதர்சினி உயர்தரப் பரீட்சையில் உயிரியல் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். இந்த இடம் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை கம்பளையில் ஒரு துணிக்கடையில் சேர வேண்டும். அப்பா கடைக்காரரிடம் பேசி முடித்துவிட்டார்.

விண்ணப்பத்தில் அவள் எழுதிய விலாசம் குண்டசாலை. அது சித்தப்பாவின் வீடு. தகப்பன் தொழில் என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதியிருந்தாள். உண்மையில் அப்பாவும் அம்மாவும் சந்தனமலைத் தேயிலைத் தோட்டத்தில் மேற்கணக்கு என்ற பிரிவில் வேலை செய்கிறவர்கள்; வீடு லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பில். போன வருடம் ஒரு கணினி வகுப்பில் சேரப் போனபோது, அங்கிருந்த பெண் விலாசத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு, "எஸ்டேட்டா? அங்க கொழுந்து எடுக்க ஆள் இல்லன்னு சொல்றாங்களே, நீங்க இங்க வந்துட்டீங்க!" என்றாள். வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து சுதர்சினிக்கு விலாசம் மாறிவிட்டது.

நேர்முகத் தேர்வு மாடியில் நடந்தது. மேசைமேல் பிளாஸ்டிக் மூளை ஒன்று இருந்தது. அதற்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் அறக்கட்டளையை நடத்தும் ஹில்மி, கெலிஓயாக்காரர். மற்றவர் கலாநிதி ரமேஸ், மூளை ஆராய்ச்சியாளர், கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். இருவரும் பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் இருந்த கூட்டாளிகள்.

"நாங்க கேள்வி கேக்கப் போறதில்ல," என்றார் ரமேஸ். "மூளையப் பத்தி உங்களுக்கு ரொம்ப நாளா இருக்கிற ஒரு கேள்விய எங்ககிட்ட கேளுங்க."

அதுவரை வந்த பிள்ளைகள் புத்தகத்தில் மனப்பாடம் செய்ததைக் கேட்டிருந்தார்கள். சுதர்சினி கொஞ்சம் யோசித்தாள்.

"கொழுந்து எடுக்கிறவங்க இருக்காங்களே சார், பக்கத்து நெறையில நிக்கிறவங்ககூட சண்டை போட்டுக்கிட்டே எடுப்பாங்க. கண்ணு முழுக்க அந்த ஆள் மேலதான் இருக்கும். வாயில வசவு வந்துக்கிட்டே இருக்கும். ஆனா ரெண்டு கையும் அது பாட்டுக்கு இளங்கொழுந்தா தேடிக் கிள்ளும். முத்தல் எலை ஒண்ணுகூட வராது. அந்த நேரம் கொழுந்தப் பாக்குறது யாரு சார்?"

ரமேஸ் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார்.

"இத எங்க பாத்தீங்க?"

சுதர்சினி குனிந்து சப்பாத்தைப் பார்த்தாள். "டீவீல சார்."

"டீவீல சண்டையும் காட்டுறாங்களா?" என்று ஹில்மி சிரித்தார். "சரி மகள், வெளியில இருங்க. ஒரு மணிக்கு முடிவு சொல்றோம்."

கடைசிப் பிள்ளையும் வந்து போனபின் ஹில்மி புள்ளிகளைக் கூட்டினார். சுதர்சினிதான் முதலாவது. ஆனால் அவர் அந்தத் தாளை ஒதுக்கி வைத்தார்.

"இந்தப் பிள்ளைக்கு இடம் குடுக்க ஏலாது மச்சான். விலாசம் குண்டசாலை, வாப்பா வியாபாரம். காசு குடுத்தவங்க தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எண்டுதானே குடுத்தீக்கிறாங்க."

"அவ தோட்டத்துப் பிள்ளதான்."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

ரமேஸ் மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் மூளையைத் திருப்பி வைத்தார். பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் வாரத்தில் ஒருவன் அவரைத் 'தோட்டக்காட்டான்' என்று கூப்பிட்டிருந்தான். அதன் பிறகு ஊர் எது என்று யார் கேட்டாலும் அவருடைய பதில் 'கண்டி' என்ற ஒற்றைச் சொல்தான். அதைச் சொல்லியே பட்டமும் கலாநிதிப் பட்டமும் வாங்கியாயிற்று. இப்போதும் அதையே சொல்லிவிட்டு எழுந்து போகலாம். போனால் அந்தப் பிள்ளை படிப்பை விட்டு ஏதாவது ஒரு கடையில் போய் நிற்பாள்.

"எங்கம்மா அப்பிடித்தான் எடுப்பாங்க," என்றார். "சண்டை போட்டுக்கிட்டே."

ஹில்மி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"டேய், பதினஞ்சு வருஷம்! எங்கூட்டுல நோம்புக் கஞ்சி குடிச்சீக்கிறாய். எங்கும்மா ஒனக்கு வட்டிலப்பம் கட்டித் தந்தீக்கிறா. ஒரு நாளாவது சொன்னியாடா?"

"சொல்ல வாய் வரல மச்சான்."

"இப்பதான் விளங்குது. நோட்டீஸ்ல 'தோட்டத்து மாணவர்களுக்கு' எண்டு போட்டிருந்தத வெட்டச் சொன்னதும் நீதானே? பிள்ளைகள் வெக்கப்படுவாங்க எண்டு சொன்னாய். பிள்ளைகள் எங்கடா வெக்கப்பட்டாங்க? நீதான் வெக்கப்பட்டீக்கிறாய். நீ நோட்டீஸ்ல வெட்டினாய், அவ ஃபோர்ம்ல வெட்டீட்டாள்."

ரமேஸுக்குக் காது சூடேறியது. எழுந்து கதவைத் திறந்து, சுதர்சினியை உள்ளே வரச் சொன்னார். விண்ணப்பம் தனியாக ஹில்மியின் கையில் இருப்பதைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. 'பொய்யான தகவல் தந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்' என்று அதன் அடியில் அச்சிட்டிருந்தது அவளுக்கு வரி மாறாமல் ஞாபகம் இருந்தது.

ரமேஸ் உட்காரவில்லை.

"நான் பெரியகல் தோட்டம்மா. கீழ்க்கணக்கு, எட்டாம் நம்பர் லயம். நீங்க எந்தப் பக்கம்?"

சுதர்சினி அவருடைய கழுத்துப்பட்டியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"நெசமாவா சார்?"

"நெசமாத்தான். எங்கம்மா மூக்காயி இன்னும் அங்கதான் இருக்காங்க. பென்சன் எடுத்துட்டாங்க. சண்டைய மட்டும் விடல."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"சந்தனமலை, மேக்கணக்கு சார். அப்பா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுறாங்க, அம்மா கொழுந்து எடுக்கிறாங்க. குண்டசாலை எங்க சித்தப்பா வீடு." மூச்சை இழுத்துக்கொண்டு கேட்டாள். "பொய் எழுதினதுக்கு என் பேர வெட்டிடுவீங்களா சார்?"

ஹில்மி முந்திக்கொண்டார். "பொய்க்கு வெட்டுறதா இருந்தா மொதல்ல இவரத்தான் வெட்டணும் மகள். பதினஞ்சு வருஷப் பொய்." புதிய விண்ணப்பத் தாள் ஒன்றை மேசைமேல் தள்ளினார். "சரியானத எழுதுங்க. தோட்டத்துலதான் இருக்கிறீங்க எண்டு கிராம சேவகர் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். காசு விஷயம், அதில விளையாட்டு இல்ல. வந்தா இடம் ஒங்களுக்கு."

சுதர்சினி குனிந்து எழுதினாள். தோட்டத்தின் பெயரை எழுதி முடித்ததும் தலையை நிமிர்த்தினாள்.

"சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"எங்க மாதிரி லயத்துல இருந்து ஒருத்தர் மூளை டாக்டரா வந்திருக்காருன்னு முந்தியே தெரிஞ்சிருந்தா, நான் எதுக்கு சார் விலாசத்த மாத்தப் போறேன்?"

ரமேஸ் அந்தத் தாளை வாங்கி, தோட்டத்தின் பெயரை ஒரு முறை வாசித்தார்.

வியாழக்கிழமையே கிராம சேவகர் கடிதம் அறக்கட்டளைக்கு வந்து சேர்ந்தது; இடம் உறுதியானது. துணிக்கடைக்காரருக்கு அப்பா தொலைபேசியில் சொன்ன செய்தி, "மன்னிச்சுக்குங்க முதலாளி, மக மூளை படிக்கப் போறா," என்பது. "நம்ம கடைக்கும் கொஞ்சம் மூளை தேவைதான், லீவுக்கு அனுப்புங்க," என்று அவரும் சிரித்தாராம்.

முதல் சனிக்கிழமை வகுப்பில் பத்துப் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஹில்மி பின்னால் ஒரு கதிரையில் இருந்தார். ரமேஸ் முன்னால் வந்து நின்றார். வழமையாக அவர் தன்னை அறிமுகம் செய்யும்போது பட்டங்களில் தொடங்கிப் பட்டங்களிலேயே முடிப்பார்.

"என் பேரு ரமேஸ். பெரியகல் தோட்டத்து லயத்துல பொறந்தேன்," என்று தொடங்கினார். "இத்தன வருஷமா அத மறைச்சேன். யாருக்கும் நஷ்டமில்லன்னு நெனச்சேன். அது தப்பு. படிச்சு மேல வந்தவங்க, வந்த எடத்தச் சொல்லாம விட்டா, பின்னால வர்ற பிள்ளைங்க அங்கருந்து யாருமே வந்ததில்லன்னு நெனச்சுக்கும். ஒரு பிள்ளைக்கு வழிகாட்டுறதுன்னா பாடம் சொல்லிக் குடுக்கிறது மட்டுமில்ல. நானும் ஒங்க பக்கத்து ஆளுதான்னு வெளிப்படையாச் சொல்றதுதான் அதுல மொத வேல. பொறந்த எடத்துல வெக்கப்பட ஒண்ணுமில்ல. அத மறைக்கிறதுலதான் வெக்கம் இருக்கு."