பங்காளி வைத்த சோலார்

களமருதூரில் சோலார் மோட்டாருக்குத் திறப்பு விழா நடத்தியவர் கந்தசாமி ஒருவர்தான். வாழைமரம், ரிப்பன், கறுப்புக் கண்ணாடியில் அவர் சிரிக்கும் பிளக்ஸ். அதில் ‘கதிரவனின் தோழரே’ என்று அச்சடித்திருந்தது. குழாயில் தண்ணீர் பாய்ந்ததும் கூட்டம் கைதட்டியது. சித்தப்பா மகன் பச்சமுத்துவுக்கு மட்டும் வயிறு எரிந்தது.

மகள் சந்தியா தொட்டிலில் கிடந்த காலத்தில் இலவசக் கரண்டுக்கு எழுதிக் கொடுத்தவர் பச்சமுத்து. அவள் இப்போது காலேஜ் போகிறாள். கரண்ட் வரவில்லை, இன்னும் வாடகை டீசல் இன்ஜின்தான்.

தனி இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷம் அது. உளுந்தூர்பேட்டை ரோட்டில் இருவரும் ஒரே கொடியின் கீழ் உட்கார்ந்தார்கள். மைக் கந்தசாமியிடம்.

“எத்தினி வருசம்யா வரிசையில நிக்கிறது? நமக்கு வர்றத எவனுக்கும் வுட்டுத் தராதீங்க!”

பச்சமுத்து பலமாகக் கைதட்டினார். மறுநாளே போய்த் தன் வரிசையை விட்டுக் கொடுத்தார். மானிய சோலார் வேண்டுமானால் இலவசக் கரண்ட் வரிசையிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும் என்றார்கள் ஆபீசில்.

“நம்ம முறை கிட்ட வந்துடுச்சின்னாங்களே, இன்னாத்துக்கு இந்த அவசரம்?” என்றாள் மனைவி ராஜாம்பாள்.

“அவுரு பேனல வுட நம்முது ஜாஸ்திடி.”

ஜாஸ்தியாகத்தான் வந்தது. வெயில் ஏறும்வரை மோட்டார் எழாது; வெயில் சாய்ந்தால் படுத்துவிடும். ஒரு மேகம் கடந்தால் குழாய் இருமும். நெல் பால் பிடிக்கும் நேரத்தில் மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் மூட்டம் போட்டது. வயல் வெடித்தது.

அந்த வாரம் பக்கத்தில் கந்தசாமியின் கொல்லையில் கரண்ட் கம்பம் நட்டார்கள். பச்சமுத்து வரப்பில் ஓடினார்.

“இன்னாண்ணே, நீ பேர எடுக்கலியா?”

“சோலாரு ஒங்க அண்ணி கண்ணகி பேர்லடா. என் பேரு ஒனக்கு அடுத்தாப்புல நின்னுகினு இருந்துச்சி. நீ நவுந்த, நான் வந்தேன்.”

கந்தசாமியின் புதுக் கரண்ட் மோட்டார் மூட்டத்திலும் கொட்டியது. “பயிரு செத்தாலும் அவுருகிட்ட கேக்க மாட்டேன்” என்றார் பச்சமுத்து. ராஜாம்பாள் வரப்பில் இறங்கினாள். நேராகப் போய்க் கண்ணகியிடம் கேட்டாள். அரை நாழிகையில் மடை திறந்தது. தண்ணீர் வரப்பு தாண்டி வந்து வெடிப்புகளில் இறங்கியது.

பச்சமுத்து அவசரமாகத் துணியை நனைத்துக்கொண்டு ஏணி ஏறி, பேனலைத் துடைக்க ஆரம்பித்தார். ரோட்டில் போன முனியன் சைக்கிளை நிறுத்தினான்.

“தண்ணி நல்லா பாயுதே, இன்னா மோட்டாருங்க?”

“சோலாருப்பா.”

முனியன் அண்ணாந்து பார்த்தான். சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை.

“நல்ல சாமானுங்க” என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தான்.